சுவருக்கு இப்பால் ஏழு பெண்கள்: குளோரியா நெய்லரின் புரூஸ்டர் பிளேஸ்

குளோரியா நெய்லரின் முதல் நாவலான ‘தி விமன் ஆஃப் புரூஸ்டர் பிளேஸ்’ 1982-இல் வெளிவந்தது. ‘ஏழு கதைகளில் ஒரு நாவல்’ என்பது அதன் துணைத் தலைப்பு. அமெரிக்காவின் வடபகுதியில் பெயர் சொல்லப்படாத ஒரு நகரம். அதில் ஒரு முட்டுச்சந்து. சந்தின் முனையை அடைத்து நிற்கும் செங்கல் சுவர். அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் கறுப்பினப் பெண்கள் எழுவர். களமும் மாந்தரும் இவ்வளவே. ஏழு பெண்கள், ஏழு கதைகள் என்றாலும் ஆளுக்கொன்று என்ற கணக்கு இல்லை. முதல் ஐந்து கதைகள் ஐந்து பெண்களின் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை. ஆறாவது கதையின் தலைப்பு ‘இருவர்’; சேர்ந்து வாழும் இரு பெண்களைப் பற்றியது. ஏழாவது கதை எந்த ஒருத்திக்கும் உரியதன்று, தெருவுக்கே உரியது. முன்னும் பின்னும் ‘விடியல்’, ‘அந்தி’ என்று இரண்டு சிறு பகுதிகள் உண்டு.

பெண்களின் நட்பைச் சொல்லும் நாவல்களில் பெரும்பாலும் தோழிகள் பேசுவார்கள். இரகசியம் பகிர்வார்கள், கடிதம் எழுதுவார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆவார்கள். நெய்லரின் பெண்கள் அப்படி அதிகம் பேசுவதில்லை. போக்கிடம் இல்லாதவளுக்கு ஓர் அறை ஒதுக்குவது, இரவு முழுக்க விளக்கை அணைக்காமல் காத்திருப்பது, துக்கத்தில் கிடப்பவளைத் தூக்கிக் குளிப்பாட்டுவது என்று இந்த நாவலில் நட்பு உடலால் செய்யப்படும் வேலையாகவே வருகிறது. பலர் பார்வையில் கதை சொல்லும் முறையை நெய்லர் எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் இதுவே. செய்தவள் தான் செய்ததைச் சொல்லிக்கொள்ள மாட்டாள். அதை வேறொருத்தியின் கதையில்தான் பார்க்க முடியும். அதே முறை, அந்த வேலை நடக்காமல் போன இடத்தையும் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

நெய்லர் 1950 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் மிசிசிப்பி மாநிலத்தின் ராபின்சன்வில் ஊரில் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர்கள். முதல் குழந்தை தெற்கில் பிறக்கக் கூடாது என்று 1949-இல் வடக்கே வந்தவர்கள். தாய் ஆல்பர்ட்டாவுக்கு வாசிப்பில் தீராத ஆசை. ஊர்ப் பொது நூலகத்தில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை. ஓய்வு நாளிலும் பிறர் காட்டில் கூலிவேலை செய்து, அந்தப் பணத்தில் தபால் மூலம் புத்தகம் வருவித்துப் படித்தார் அவர். 1910-க்கும் 1970-க்கும் இடையே சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். புரூஸ்டர் பிளேஸின் மூத்த தலைமுறை முழுவதும் அந்தப் பெயர்ச்சியில் வந்ததே. நெய்லர் அவர்களைத் தம் வீட்டுக் கூடத்திலேயே பார்த்து வளர்ந்தவர்.

மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் கொல்லப்பட்ட பின் நெய்லர் யெகோவாவின் சாட்சிகள் இயக்கத்தில் சேர்ந்து, ஏழு ஆண்டுகள் ஊழியம் செய்தார். 1975-இல் அதைவிட்டு விலகி, ஹோட்டல்களில் தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே புரூக்ளின் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். இருபத்தேழு வயதில்தான் டோனி மாரிசனின் ‘தி புளூயஸ்ட் ஐ’ அவர் கைக்கு வந்தது. கறுப்பினப் பெண் ஒருத்தி எழுதிய நாவலை அவர் படித்தது அதுவே முதல் முறை. தம்மைப் போன்றவர்களின் வாழ்க்கை இலக்கியத்துக்கு உரிய பொருள் என்ற தைரியம் அதிலிருந்தே வந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1981-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு நாவல் வெளிவந்தது. 1983-இல் சிறந்த முதல் நாவலுக்கான அமெரிக்கப் புத்தக விருதும் கிடைத்தது. தேசியப் புத்தக விருது அந்தச் சில ஆண்டுகள் இந்தப் பெயரில்தான் வழங்கிவந்தது.

‘விடியல்’ பகுதி பெண்களைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. தெரு பிறந்த கதையைச் சொல்கிறது. நகர்மன்ற உறுப்பினர் ஒருவரும் மனை வணிக நிறுவனத்தின் நிர்வாகி ஒருவரும் இரகசியமாகக் கூடிப் பேசுகிறார்கள். நிர்வாகிக்கு நேர்மையான காவல்துறைத் தலைவரைப் பதவியிலிருந்து நகர்த்த வேண்டும். உறுப்பினருக்குத் தம் உறவினரின் நிலத்தில் வணிக வளாகம் வர வேண்டும். மக்களின் எதிர்ப்பை அடக்க, யாருக்கும் வேண்டாத ஒரு மூலையில் சில குடியிருப்புகளைக் கட்டிக் கொடுக்கிறார்கள். அப்படி முளைத்ததுதான் புரூஸ்டர் பிளேஸ். பிறகு பெருஞ்சாலை வளர்கிறது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தெருவின் கோடியில் சுவர் எழுப்பப்படுகிறது. தெரு ஊரிலிருந்து வெட்டுண்டு போகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே வாழ்ந்து, கொஞ்சம் காசு சேர்ந்ததும் வெளியேறினார்கள். கடைசியாக வந்தவர்கள் கறுப்பினத்தார். அவர்கள் விருப்பப்பட்டு வந்தவர்கள் அல்லர், வேறிடம் இல்லாமல் வந்தவர்கள், வெளியேறவும் வழியில்லை. இந்த முன்கதை இல்லாமல் நாவலைத் தொடங்கியிருந்தால், பின்னால் வரும் துயரங்கள் எல்லாம் அந்தந்தப் பெண்ணின் தலைவிதி என்றே தோன்றியிருக்கும். சுவரைக் கட்டியவர்கள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார் நெய்லர்.

கதைகள் எல்லாம் படர்க்கையில் சொல்லப்படுகின்றன. எந்தப் பெண்ணும் ‘நான்’ என்று பேசவில்லை. ஆனால் கதைசொல்லியின் குரல் ஒவ்வொரு கதையிலும் அந்தந்தப் பெண்ணின் தோளுக்கு அருகே வந்து நின்றுகொள்கிறது. மேட்டியின் கதையில் அது மெதுவாக, தெற்கின் கிராமத்து நினைவுகளோடு நகரும். எட்டாவின் கதையில் சாயம் பூசிய உதடும் ஜாஸ் பாட்டுமாகத் துள்ளும். கோரா லீயின் கதையில் தொலைக்காட்சித் தொடரும் குழந்தைகளின் கூச்சலும் கலந்த மயக்கம் இருக்கும். தேவைப்பட்டால் ஆண்களின் மனத்துக்குள்ளும் அது போய்வரும். ஒரு கதையின் நாயகி அடுத்த கதையில் ஜன்னலருகே நிற்கும் அண்டைவீட்டுக்காரியாகச் சுருங்கிவிடுகிறாள். படிப்பவருக்கு மட்டும் அவளைப் பற்றி அந்தக் கதையில் உள்ளவர்களுக்குத் தெரியாத எல்லாமும் தெரியும்.

எல்லாக் கதைகளிலும் வருபவள் மேட்டி மைக்கேல். முதல் கதை அவளுடையது. பனி பெய்யும் நாளில் சாமான்களோடு புரூஸ்டர் பிளேஸில் வந்து இறங்கும்போதே அவள் நடுவயதைக் கடந்தவள். கதை அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. டென்னசி மாநிலத்தின் ராக் வேல் கிராமம், கரும்புத் தோட்டம், புட்ச் ஃபுல்லர் என்ற பேச்சுக்காரன், ஒரு பிற்பகல், பிறகு கர்ப்பம். யார் காரணம் என்று மேட்டி சொல்ல மறுக்கிறாள். மகளை உயிருக்கு மேலாக நேசித்த தகப்பன் சாமுவேல் ஆத்திரத்தில் அவளை அடித்து நொறுக்குகிறார். தாய் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருக்கிறது. மேட்டி பஸ் ஏறி வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்துக்குப் போய்த் தன் பால்ய சிநேகிதி எட்டா மேயின் அறையில் தங்குகிறாள். எட்டாவுக்கு ஓர் ஊரில் கால் தரிக்காது. அவள் நியூயார்க்குக்குக் கிளம்பிவிடுகிறாள். குழந்தை பேசிலோடு மேட்டி தனித்து நிற்கிறாள்.

ஓர் இரவு அறைக்குள் எலி புகுந்து குழந்தையைக் கடித்துவிடுகிறது. அந்த அறையில் இனி ஒரு நொடியும் இருக்க முடியாது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். கறுப்பினப் பெண்ணுக்கு, அதிலும் கணவன் இல்லாதவளுக்கு, வாடகைக்கு வீடு கொடுப்பார் யாரும் இல்லை. நடந்து நடந்து ஓய்ந்துபோன வேளையில் மிஸ் ஈவா டர்னர் என்ற முதியவள் வேலிக்கு உள்ளிருந்து கூப்பிட்டுத் தன் வீட்டுக்குள் அழைக்கிறாள். யார், எவர், என்ன வாடகை என்று பேச்சே இல்லை; முதலில் சாப்பாடு, பிறகு படுக்கை. அந்த வீட்டில் ஈவாவின் பேத்தி லூசீலியா வளர்கிறாள். வீட்டில் அவளைக் கூப்பிடுவது சியல் என்று. மேட்டியின் மகனும் அந்தச் சிறுமியும் ஒரே கூரையின் கீழ் வளர்கிறார்கள். ஈவா இறந்த பிறகு வீட்டை மேட்டியே வாங்குகிறாள்.

பேசிலை மேட்டி வளர்த்த விதத்தை ஈவா கண்டித்திருக்கிறாள். கேட்டதெல்லாம் கொடுத்து, பொறுப்பு எதையும் பழக்காமல் வளர்க்கிறாள் என்பது கண்டிப்பின் சாரம். மேட்டி கேட்கவில்லை. வளர்ந்த பேசில் ஒரு மதுக்கடைச் சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டுக் கைதாகிறான். மேட்டி வீட்டை ஈடு வைத்து ஜாமீன் எடுக்கிறாள். அவன் வழக்குக்கு நிற்காமல் ஓடிவிடுகிறான். வீடு போகிறது. மேட்டி புரூஸ்டர் பிளேஸுக்கு வந்த வழி இது. இங்கே மேட்டியைக் களங்கமற்ற தியாகியாக்கும் சபலம் எந்த எழுத்தாளருக்கும் வரக்கூடியது. நெய்லர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆண்துணை இல்லாத வெறுமையை மகனைக் கொண்டு நிரப்பப் பார்த்ததில் மேட்டிக்கும் பங்கு உண்டு என்று கதை தெளிவாகவே சொல்கிறது.

இரண்டாவது கதையில் எட்டா மே ஜான்சன் ஆப்பிள் பச்சை நிறக் காடிலாக் காரில், கையில் பில்லி ஹாலிடே இசைத்தட்டுகளோடு வந்து இறங்குகிறாள். கார் அவளுடையது அன்று. ஊர் ஊராக, ஆள் ஆளாக மாறிமாறி வாழ்ந்து, எதுவும் நிலைக்காமல் மறுபடியும் மேட்டியிடம் வந்திருக்கிறாள். மேட்டி அவளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறாள். அங்கே பிரசங்கம் செய்யும் மோர்லண்ட் வுட்ஸ் என்ற பாதிரியாரைப் பார்த்ததும் எட்டாவின் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது: மரியாதைக்குரிய மனைவியாக முன்வரிசையில் உட்கார ஒரு வாய்ப்பு. மேட்டி எச்சரிக்கிறாள். எட்டா அதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்கிறாள். பாதிரியாருக்கு வேண்டியது ஓர் இரவு மட்டுமே. விடியும் நேரத்தில் தெருமுனையில் இறங்கி, தோற்றுப்போன உடம்போடு நடந்து வரும் எட்டா, மேட்டியின் ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்க்கிறாள். வழக்கமாகத் தேவாலயப் பாட்டு மட்டுமே கேட்கும் மேட்டி, எட்டாவின் ‘கெட்ட’ இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த முடிவின் வலு பார்வை மாற்றத்தில் இருக்கிறது. நாம் நிற்பது எட்டாவின் பக்கம். மேட்டியின் மனத்தில் அந்த இரவு என்ன ஓடியது என்பது தெரியாது. ஆனால் முந்தைய கதையைப் படித்தவருக்கு, ஆஷ்வில்லில் எட்டாவின் அறை மேட்டிக்குக் கிடைத்த நாள் நினைவிருக்கும். இருவருக்கும் இடையே நீண்ட காலக் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இருவருமே அதைக் கணக்குப் பார்ப்பதில்லை.

மூன்றாவது கதையின் கிஸ்வானா பிரவுன் வேறு வகுப்பைச் சேர்ந்தவள். லிண்டன் ஹில்ஸ் என்ற வசதியான கறுப்பினக் குடியிருப்பிலிருந்து, மக்களோடு மக்களாக வாழ வேண்டும் என்று படிப்பை விட்டுவிட்டு வந்தவள். பெற்றோர் வைத்த மெலனி என்ற பெயரை நீக்கி, ஆப்பிரிக்கப் பெயர் ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டவள். பார்க்க வந்த தாயோடு நடக்கும் வாக்குவாதமே கதை. மகளுக்குத் தாய் வைத்திருந்தது தன் சொந்தப் பாட்டியின் பெயர். அந்தப் பாட்டி தன் மகனை இழுத்துப் போக வந்த வெள்ளையர்களைத் துப்பாக்கியோடு தடுத்து நிறுத்தியவள் என்பதைத் தாய் எடுத்துச் சொல்லும்போது மகளின் புரட்சி சற்றுக் குறுகிப்போகிறது. தொகுப்பில் எளிதான கதை இது. திட்டம் கொஞ்சம் வெளியே தெரிகிறது என்றும் சொல்லலாம். ஆனால் கிஸ்வானா தெருவில் இருப்பது நாவலுக்கு வேண்டும். குடியிருப்போர் சங்கம் அமைக்க வீடு வீடாகப் போகிறவள் அவள். மற்ற கதைகளின் கதவைத் தட்டி உள்ளே நுழைவதும் அவள்தான்.

நான்காவது கதை நாவலின் இதயம். இதன் முதல் வடிவம் ‘எசன்ஸ்’ இதழில் நாவலுக்கு முன்பே வெளிவந்தது. சியல் இப்போது யூஜீனின் மனைவி. செரீனா என்று ஒரு சின்ன மகள். யூஜீன் வேலை நிலைக்காதவன், கிளம்பிப் போவதும் வருவதுமாக இருப்பவன். இரண்டாவது குழந்தையைச் சுமக்கும் சியல், அவனைத் தக்கவைக்க வேண்டும் என்று அதைக் கலைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகும் அவன் கிளம்புகிறான். இருவரும் உள்ளறையில் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், கரப்பான் பூச்சியைத் துரத்திப் போன செரீனா, சுவரில் இருந்த மின் துளைக்குள் முள்கரண்டியை நுழைத்துவிடுகிறாள்.

கதை இறுதிச் சடங்கு நாளில், வெளியே நிற்கும் யூஜீனின் பார்வையில் தொடங்குகிறது. தன் துக்கத்தை யாரும் மதிக்கவில்லை என்ற முணுமுணுப்புதான் அவனிடம் இருக்கிறது. அவனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்துவிட்டுத்தான் நெய்லர் உள்ளே நுழைகிறார். உள்ளே சியல் அழவில்லை. சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, பேசவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் வழக்கமான ஆறுதல்களைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவள் சாக முடிவெடுத்துவிட்டாள், அதற்குத் தனியே எதுவும் செய்யத் தேவையில்லை என்பதை மேட்டி ஒருத்திதான் அறைக்குள் நுழைந்த உடனே புரிந்துகொள்கிறாள்.

அடுத்து வருவது அமெரிக்கப் புனைகதையில் பெண்களுக்கு இடையிலான அன்பு குறித்து எழுதப்பட்ட மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. மேட்டி படுக்கையில் உட்கார்ந்து சியலைத் தன் மடியில் இழுத்துப்போட்டு ஆட்டத் தொடங்குகிறாள். ஆட்டம் நிற்பதில்லை. கதைசொல்லியின் வாக்கியம் அந்த அறையை விட்டு வெளியேறிப் பழைய கடல்களுக்கும், நாஜி வதைமுகாமுக்கும், குழந்தைகள் மடிந்த அடிமைக் கப்பலுக்கும் போய், குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார் எல்லாரையும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. கடைசியில் சியலின் உள்ளே ஆழத்தில் சிக்கியிருந்த துக்கம் அசைகிறது. அவள் வாந்தி எடுக்கிறாள். பிறகு மேட்டி அவளைத் தொட்டியில் நிற்கவைத்து, முடி, கழுத்து, விரலிடுக்கு என ஒவ்வோர் உறுப்பாக, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் நிதானத்தோடு கழுவுகிறாள். துடைத்து, படுக்கையை மாற்றிப் போட்டுக் கிடத்துகிறாள். சியல் அழுகிறாள். பிறகு தூங்குகிறாள்.

மிகை உணர்ச்சிக்கு மயிரிழை தூரத்தில் நடக்கும் பகுதி இது. அதில் விழாமல் காப்பாற்றுவது செயல்களின் துல்லியம். சோப்பு, தண்ணீர், துணி என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களிலேயே நடை நிற்கிறது. உணர்ச்சியை விளக்கும் சொற்கள் மிகக் குறைவு. மேட்டிக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதும் வாசகருக்குத் தெரியும். சியலைச் சிறு வயதில் குளிப்பாட்டியவள் அவளே. ஈவா ஒரு நாள் தெருவிலிருந்து மேட்டியை உள்ளே அழைத்ததற்கு, ஈவாவின் பேத்திக்கு மேட்டி செய்யும் பதில் இது. இரு கதைகளையும் ஒரே நூலில் கோத்த பிறகுதான் இது புலப்படுகிறது. தனிக்கதையாக இதழில் வந்தபோது வாசகருக்கு இது கிடைத்திருக்க வழியில்லை.

ஐந்தாவது கதையின் கோரா லீ கைக்குழந்தைகள் மேல் பித்துக் கொண்டவள். சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதிய பொம்மைக் குழந்தைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள், வளர்ந்த பிறகு உண்மைக் குழந்தைகளைப் பெற்றுக்கொண்டே போகிறாள். அவை வளரத் தொடங்கியதும் அவளுக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. கிஸ்வானா அவளையும் பிள்ளைகளையும் பூங்காவில் கறுப்பினக் கலைஞர்கள் நடத்தும் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்துக்கு அழைத்துப் போகிறாள். அன்று இரவு கோரா லீ பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி முதல் முறையாகக் கனவு காண்கிறாள். வீட்டுக்குத் திரும்பினால் படுக்கையில் வழக்கம்போல் ஓர் ஆண் காத்திருக்கிறான். கதை அதோடு நின்றுவிடுகிறது. நல்லெண்ணத்தோடு நீட்டப்படும் கை ஒரு மாலைப்பொழுதுக்குத்தான் போதுமானது. மேட்டியைப் போல நாள்கணக்கில் நிற்பதற்குக் கிஸ்வானாவிடம் அந்த வாழ்க்கை இல்லை. நட்புக்கும் சமூகத் தொண்டுக்கும் உள்ள இடைவெளியை நெய்லர் இங்கே கேலி இல்லாமல் அளந்து காட்டுகிறார்.

ஆறாவது கதைக்கு வரும்போது நாவல் தன்னையே சோதித்துக்கொள்கிறது. லொரெய்னும் தெரேசாவும் காதலர்கள். லொரெய்ன் பள்ளி ஆசிரியை. டிட்ராய்ட்டில் இந்தக் காரணத்துக்காகவே வேலையை இழந்தவள். பதினேழு வயதில் அவளுக்கு வந்த கடிதம் ஒன்றைப் பார்த்துத் தகப்பன் அவளை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறார். அண்டைவீட்டார் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு. தெரேசாவுக்கு அந்த ஏக்கம் இல்லை. அடுத்தவர் என்ன நினைத்தால் என்ன என்பது அவள் சுபாவம். இந்த வேறுபாடே அவர்கள் வீட்டுக்குள் உரசலாகிறது. தெருவில் சோஃபி என்பவள் எதிர் ஜன்னலில் இருந்து வேவு பார்த்துப் புறம்பேசிக்கொண்டே இருக்கிறாள். கிஸ்வானா கூட்டிய குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சோஃபி லொரெய்னை நேருக்கு நேர் அவமானப்படுத்துகிறாள். எட்டா சோஃபிக்குச் சுடச்சுடப் பதில் கொடுக்கிறாள். கூட்டத்தில் மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கதையில் மேட்டியும் எட்டாவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு சிறு இடம் உண்டு. நாவலின் மிக நுட்பமான உரையாடல் அது. சில பெண்களை நான் எந்த ஆணை நேசித்ததைவிடவும் ஆழமாக நேசித்திருக்கிறேன் என்ற பொருளில் மேட்டி சொல்கிறாள். அது வேறு என்கிறாள் எட்டா. ஒருவேளை அவ்வளவு வேறு இல்லையோ, அதனால்தான் சிலருக்கு இவ்வளவு கோபம் வருகிறதோ என்று மேட்டி யோசிக்கிறாள். எட்டா அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை. இரண்டாம் கதையின் விளக்கும் நான்காம் கதையின் குளியலும் இந்த நான்கைந்து வரிகளால் இன்னொரு வெளிச்சத்தில் தெரிகின்றன. ஆனாலும் மேட்டி இந்த எண்ணத்தோடு லொரெய்னின் கதவைத் தட்டவில்லை. அவள் கெட்டவளாக மாறிவிடவில்லை. நாவல் அவளைக் குற்றம் சாட்டவும் இல்லை. சியலுக்கு ஓடிவந்த கால் இங்கே ஓடவில்லை, அவ்வளவுதான்.

லொரெய்னுக்குக் கிடைக்கும் ஒரே நண்பர் குடியிருப்பின் பராமரிப்புப் பணியாளர் பென். குடிகாரர், தெருவுக்கு முதலில் வந்த கறுப்பினத்தவர். தெற்கில் பிறர் நிலத்தில் உழைத்த காலத்தில், கால் ஊனமுற்ற தம் மகளை நிலச்சொந்தக்காரன் சீரழித்ததைத் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்துவிட்ட பாரம் அவருக்கு. அவருடைய நிலவறையில் தேநீர் குடித்துப் பேசும் மாலைகளில் அவருக்கு ஒரு மகளும் லொரெய்னுக்கு ஒரு தகப்பனும் கிடைத்த மாதிரி ஆகிறது. தெருப் பையன்களின் கும்பல் ஒன்று ஓர் இரவு லொரெய்னைச் சுவருக்கு அருகே சந்தில் வழிமறித்துக் கூட்டாக வன்புணர்கிறது. அந்தப் பகுதியை நெய்லர் தாக்குகிறவர்களின் கண்ணிலிருந்து எழுதவே இல்லை. சிதையும் லொரெய்னின் புலன்களுக்கு உள்ளேயே வாசகரை வைத்திருக்கிறார். பார்ப்பவரின் ஆர்வத்துக்குத் தீனியாகும் வாய்ப்பு அதனால் அடைபட்டுப் போகிறது. விடியற்காலையில் சுவரருகே போதையில் உட்கார்ந்திருக்கும் பென்னை நோக்கி, எல்லாம் குழம்பிப்போன லொரெய்ன் ஊர்ந்து போய், கையில் கிடைத்த செங்கல்லால் அவரை அடித்துக் கொன்றுவிடுகிறாள். ஜன்னலில் இருந்து பார்த்த மேட்டி ஓடி வருகிறாள். இம்முறை நேரம் கடந்துவிட்டது.

ஏழாவது கதையில் ஒரு வாரம் விடாமல் மழை. தெருவின் பெண்கள், சிறுமிகள் எல்லாருக்கும் இரத்தக்கறை படிந்த ஆடையோடு லொரெய்ன் கனவில் வருகிறாள். சங்கம் ஏற்பாடு செய்த தெருவிழா நாள் வருகிறது. வேறு ஊருக்குப் போய்ப் புது வாழ்க்கை தொடங்கிய சியல் திரும்பி வருகிறாள். தன்னைப் போன்ற ஒரு பெண்ணைத் தானும் கனவில் கண்டதாகச் சொல்கிறாள். சுவரின் செங்கல் ஒன்றில் இரத்தம் இருக்கிறது என்று கோரா லீ கூவுகிறாள். பெண்கள் கத்தியாலும் கம்பியாலும் நகத்தாலும் சுவரைப் பெயர்க்கத் தொடங்குகிறார்கள். அது வெறும் மழைநீர் என்று கிஸ்வானா மட்டும் சொல்கிறாள். வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பும் தெரேசாவும் கையில் ஒரு செங்கல்லை வாங்கிக்கொண்டு சேர்ந்துவிடுகிறாள். பிறகு மேட்டி விழித்துக்கொள்கிறாள். நடந்தது எல்லாம் அவள் கண்ட கனவு. வெளியே வெயில் அடிக்கிறது. விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று எட்டா கூப்பிடுகிறாள்.

இந்த முடிவைக் குறை சொன்னவர்கள் உண்டு. சுவரை உடைக்கத் துணிவில்லாமல் எழுத்தாளர் கனவுக்குள் ஒளிந்துகொண்டார் என்பது வாதம். அது சரியான வாசிப்பாகத் தெரியவில்லை. நாவலின் முகப்பில் கனவு தள்ளிப்போடப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் லாங்ஸ்டன் ஹியூஸின் ‘ஹார்லெம்’ கவிதை இருக்கிறது. சுவர் உண்மையாகவே விழுந்திருந்தால் லொரெய்னைக் கைவிட்ட தெரு ஒரு பிற்பகலில் மன்னிப்புப் பெற்றிருக்கும். கனவாக வைத்ததனால் குற்ற உணர்வு இருக்கிறது, அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது, ஆனால் இன்னும் செயலாகவில்லை என்பதே மிஞ்சுகிறது. மேட்டியின் உடல் இதுவரை செய்துவந்த வேலையை இங்கே அவள் உறக்கம் மட்டுமே செய்ய முடிகிறது.

நெய்லருக்கு முன்னோடிகள் இருந்தார்கள். தனித்தனியாகவும் படிக்கத்தக்க, சேர்த்தால் ஓர் ஊரின் கதையாகும் கதைகளுக்கு ஷெர்வுட் ஆண்டர்சனின் ‘வைன்ஸ்பர்க், ஒஹையோ’ (1919) அமெரிக்காவில் புகழ்பெற்ற மாதிரி. கறுப்பினப் பெண்கள் இருவரின் நட்பையே நாவலின் நடுப்பொருளாக்கியது மாரிசனின் ‘சூலா’ (1973). எண்டோசாகே ஷாங்கே 1976-இல் பிராட்வேக்குக் கொண்டுவந்த மேடைப் படைப்பிலும் ஏழு பெண்கள், நிறங்களையே பெயராகக் கொண்டு, தங்கள் கதைகளைச் சொன்னார்கள். ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ புரூஸ்டர் பிளேஸ் வந்த அதே 1982-இல் வெளிவந்தது. ‘சூலா’வின் நட்பு இருவருக்கு உரியது, அதில் மூன்றாமவருக்கு இடமில்லை, வாக்கரின் நாவல் கடிதங்களால் ஆனது, ஒரு குரலே ஓங்கி நிற்கும். ஒரு தெருவின் பெண்களைச் சம உரிமையோடு அடுத்தடுத்து நிறுத்தி, ஒருத்தியின் கதைக்கு மற்றவளைச் சாட்சியாக்கியது நெய்லரின் வழி.

நாவல் வெளிவந்தபோதே எழுந்த புகார் ஆண்களைப் பற்றியது: புட்ச், பேசில், யூஜீன், பாதிரியார் வுட்ஸ், தெருக் கும்பல் என்று வரும் ஆண்களில் பென்னைத் தவிர நிமிர்ந்து பார்க்கத்தக்கவர் யார் என்று கேட்டார்கள். 1989 மார்ச்சில் ஓப்ரா வின்ஃப்ரே தயாரித்து, தாமே மேட்டியாக நடித்த தொடர் வடிவம் டோனா டெய்ச் இயக்கத்தில் ஏபிசி தொலைக்காட்சியில் இரண்டு இரவுகள் ஒளிபரப்பானபோது அதே புகார் இன்னும் உரத்து எழுந்தது. அதற்குள் நெய்லர் ‘லிண்டன் ஹில்ஸ்’ (1985), ‘மாமா டே’ (1988) என இரு நாவல்களை எழுதி முடித்திருந்தார். முதலாவது கிஸ்வானா விட்டுவந்த அந்த வசதியான குடியிருப்பைப் பற்றியது. புகாருக்கு அவருடைய பதில் 1998-இல் வந்தது. ‘தி மென் ஆஃப் புரூஸ்டர் பிளேஸ்’ நாவலில், இறந்துபோன பென்னையே கதைசொல்லியாக எழுப்பி, பேசில், யூஜீன், பாதிரியார், கும்பல் தலைவன் சி.சி. பேக்கர் ஆகியோரின் தரப்பைச் சொல்லவைத்தார். பேசிலும் யூஜீனும் அதில் முழு மனிதர்களாகிறார்கள். ஆனாலும் முதல் நாவலின் அடர்த்தி இதில் இல்லை. ஆண்கள் முடிவெட்டும் கடையில் கூடுகிறார்கள், பேசுகிறார்கள். ஒருவன் கதைக்குள் இன்னொருவன் மேட்டி நுழைந்ததுபோல நுழைவது அபூர்வம். தனித்தனிக் கதைகளாகவே அவை நின்றுவிடுகின்றன. நெய்லர் 2016 செப்டம்பர் 28 அன்று அமெரிக்க வர்ஜின் தீவுகளில் காலமானார்.